இன்னொருவாட்டி ஃபிட்டர் தூசி மெஷின் வாங்கிய கதை

ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதர் இவ்வளவு நாள்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நம் ஃபிட்டரை என்றைக்கோ பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்.

மனிதர் நூற்பாலையில் வேலை பார்த்தவர். மீசை அரும்புகிற வயதில் உள்ளே நுழைந்து, மீசை நரைத்த பிறகு வெளியே வந்தவர். அங்கே அவருக்கு இருந்த பட்டப்பெயர் 'இன்னொருவாட்டி'. ஒரு போல்ட்டை முறுக்குவார், ஸ்பேனரைக் கீழே வைப்பார், நாலு எட்டு நடப்பார், நின்று யோசிப்பார், திரும்பி வந்துவிடுவார். "எதுக்கும் இன்னொருவாட்டி பாத்துடலாம்" என்பார். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கூட வந்திருந்த மில் நண்பர்களில் ஒருவர், "கையெழுத்து சரியா விழுந்துச்சா, இன்னொருவாட்டி பாத்துடலாமா?" என்று கேட்க, பதிவாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் நிஜமாகவே குனிந்து பார்த்தார்.

கேலி செய்தவர்கள் யாரும் அவர் சரிபார்த்த மெஷினில் கை வைக்கப் பயந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் வேலை பார்த்த ஹாலில் அவர் காலத்தில் ஒருவருக்கும் ஒரு விரல் போனதில்லை. இதை அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. நாம்தான் சொல்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு இரும்பை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. பெயர்தான் கார் ஷெட். அதன் ஆயுளில் அது ஒரு காரைக்கூடப் பார்த்ததில்லை. முதலில் சைக்கிள் நின்றது, அப்புறம் ஸ்கூட்டர் நின்றது, ஸ்கூட்டரை விற்ற பிறகு ரம்ப மேஜை வந்து நின்றது. அதன் பக்கத்தில் பலகை தேய்க்கிற சாண்டர், மூலையில் துளை போடுகிற மெஷின், சுவர் நெடுக உளிகளும் இழைப்புளிகளும். ஸ்டூல் செய்தார், அலமாரி செய்தார், கரண்டி மாட்டுகிற பலகை செய்தார். தெருவில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்திருப்பது அவர் செய்த ஸ்டூலில்தான். ஒரு ஸ்டூலாவது ஆடியது என்று யாரும் குறை சொன்னதில்லை. கொடுப்பதற்கு முன் அவரே ஏறி நின்று, இறங்கி, மறுபடியும் ஏறி நின்று பார்த்திருப்பார் அல்லவா?

இதில் ஒரே ஒரு சங்கடம். ஷெட்டின் கதவு எப்போதும் மூடியே இருக்கும். அடியில் இருக்கிற இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி அடைத்திருப்பார். உள்ளே அவர். வெளியே அவர் மனைவி.

அந்தம்மாவும் அதே மில்தான். அங்கே அவருக்கு 'மைனா' என்று பெயர். வாய் ஓயாது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த செக்‌ஷனில் இருந்த எல்லாருடைய குடும்பக் கதையும் அவர் கைக்கு வந்துவிட்டதாம். பேச்சு என்றால் வம்புப் பேச்சு இல்லை. கேட்கிறவர்கள் பசியை மறந்து கேட்கிற பேச்சு. அப்படிப்பட்ட மைனாவுக்கு இப்போது இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடிவதில்லை. மூன்றாவது வாக்கியத்துக்கு முன்னால் இருமல் வந்து நிற்கும். வந்தால் லேசில் போகாது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருமல் விட்ட பிறகு, சொல்ல வந்தது மறந்துபோயிருக்கும். இல்லை, மறந்துபோனதாகச் சொல்லிவிடுவார்.

டாக்டர் மைனாவின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழைய பஞ்சுத் தூசி என்றார். உள்ளே போய் உட்கார்ந்ததை வெளியே எடுக்க முடியாது, புதிதாக எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஃபிட்டர் செய்த முதல் காரியம், கதவிடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தது.

மைனா சில மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் ஃபிட்டர் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே இரண்டிரண்டு வாக்கியமாக நறுக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது.

"மில்லுல ஷிப்ட் முழுக்க உங்க மூஞ்சிதான் எதிர்ல இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதுக்குப் பஞ்சமா போச்சு."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அந்த ஷெட்டுல ஒரு ஓரமா நானும் உக்காந்துக்கிறேன். தூசி வராம ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா ஷெட்டை மூடிட்டு வந்து என்கூட உக்காருங்க."

ஃபிட்டர் மறுபேச்சுப் பேசவில்லை. நியாயமான கோரிக்கை, உடனே செய்துவிடலாம் என்றார். அந்த 'உடனே' வெயில் காலத்தில் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுசாக வந்து, கூரையை ஒழுகவைத்து, திரும்பியும் போய்விட்டது.

மனிதர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தேடினார். தேடுவதை விடவில்லை என்பதுதான் பிரச்சினையே. வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மைனாவின் தம்பி, அதாவது ஃபிட்டரின் மச்சினர், ஜன்னலைத் திறந்து வைத்தால் தூசி தானாகப் போய்விடும் என்றார். தூசிக்கு வழி தெரியாதா என்ன என்று வேறு கேட்டார். மருமகன் போனில் படம் படமாக அனுப்பினார். அதில் எல்லாம் யாரோ ஒருவர், அறுவை சிகிச்சை அறை மாதிரி துடைத்து வைத்த ஷெட்டில் நின்றுகொண்டு, சட்டை கசங்காமல் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். இவர் மரம் அறுக்கிறாரா, மரத்துக்கு முடி வெட்டுகிறாரா என்று ஃபிட்டருக்குச் சந்தேகம்.

முதலில் வீட்டில் இருந்த வாக்யூம் கிளீனரைக் கொண்டுபோய் சாண்டரோடு இணைத்தார். நடுவில் ஒரு மூடி போட்ட வாளியை வைத்தார். பெரிய தூளெல்லாம் வாளியில் விழுந்தது. சமர்த்து என்று அவரே தன் முதுகைத் தட்டிக்கொள்ளப் போன நேரத்தில், கொல்லைப் பக்கமிருந்து மைனாவின் குரல் கேட்டது. மெஷினின் பின்பக்கத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார். அது, முன்னால் உறிஞ்சிய பொடியையெல்லாம் பின்னால் ஊதி, கொடியில் காய்ந்த துணி மேல் பூசிவிட்டிருந்தது. வெள்ளை, நீலம், சிவப்பு என்ற பேதமே இல்லாமல் எல்லாத் துணியும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தது.

அடுத்தது, சுவரில் ஓட்டை போட்டு ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். ஷெட்டுக்குள் தூசி குறைந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாரே தவிர, பிரம்பை அவர் கண்ணிலிருந்து யாரும் இன்னும் வாங்கி வைக்கவில்லை. இடுப்பில் ஒரு பழுப்பு நிறப் பூனையை இடுக்கியிருந்தார்.

"ஃபிட்டர் சார், இது என்ன நிறத்துப் பூனைன்னு சொல்லுங்க பாப்போம்."

பழுப்பு என்றார் ஃபிட்டர். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பூனையின் முதுகில் ஒரு விரலால் கோடு இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. அன்று மாலையே ஃபேனைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடை கடையாக ஏறினார். ஒவ்வொரு கடையிலும் ஒரு டார்ச் லைட்டோடு போய் நிற்பார். விளக்கை அணைக்கச் சொல்லுவார். ஓடுகிற மெஷினுக்குப் பின்னால் டார்ச்சை அடித்து, அந்த வெளிச்சத்தில் என்ன மிதக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். துணிப்பை வைத்த மெஷின் பெரிய தூளையும் சீவலையும் பிடித்து வைத்துக்கொண்டு, பொடியை நெசவு வழியாக வெளியே விட்டது. தீங்கில்லாதவனைச் சிறையில் போட்டுவிட்டுக் கொலைகாரனை வாசல் வரை வந்து வழியனுப்புகிறதே என்று கடைக்காரரிடமே சொன்னார். சின்ன மெஷின் ஒன்று, சத்தமே இல்லை. ஆனால் கொட்டாவி விடுகிற அளவுக்குத்தான் இழுத்தது. சைக்ளோன் என்று ஒன்று இருந்தது. காற்றை ஒரு கூம்புக்குள் சுழலவிட்டுக் கனமானதையெல்லாம் டிரம்மில் இறக்கிவிடும், மிச்சப் பொடியை மடிப்பு மடிப்பான ஃபில்டரில் நிறுத்திவிடும். நல்ல மெஷின்தான், ஆனால் அது போடுகிற சத்தத்தில் கடை ஷட்டரே நடுங்கியது. மைனாவின் குரல் இப்போது எழும்புவதே அபூர்வம். அந்தச் சத்தத்தில் அவளை உட்காரவைத்து, நான் என்னத்தைக் கேட்பேன் என்று கீழே இறங்கிவிட்டார்.

எந்த மெஷினிலும் டார்ச் வெளிச்சத்தில் ஏதாவது ஒரு துகள் மிதந்தது. ஒரு துகள்கூட இருக்கக் கூடாது என்பது ஃபிட்டரின் கணக்கு. அப்படி ஒரு மெஷினை உலகத்தில் யாரும் செய்யவில்லை என்று ஒவ்வொரு கடைக்காரரும் சொல்லிப் பார்த்தார்கள். "அடுத்த வாரம் இன்னொருவாட்டி வர்றேன்" என்பார்.

இதை வெறும் பிடிவாதம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மகள்கூட, அப்பாவுக்கு வயதாக ஆக ரொம்பத்தான் போகிறது என்று அலுத்துக்கொண்டாள். உள்ளே இருந்த விஷயம் வேறு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மைனா மில்லில் முதலில் இருந்தது கோன் வைண்டிங் செக்‌ஷனில். முடிந்த நூலைக் கூம்பில் சுற்றுகிற இடம். மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் சுத்தமான இடம். ஃபிட்டருக்கு வேலை கார்டிங் ஹாலில். பஞ்சை முள்பற்களால் சிக்கெடுத்துப் பட்டையாக்குகிற இடம். தூசிக்குத் தலைநகரம் என்று இருந்தால் அதுதான். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் தூண் தூணாக இறங்கும். அந்தத் தூண்களுக்குள் பஞ்சு இறங்காமலும் ஏறாமலும் நின்றுகொண்டே இருக்கும். பார்க்க அழகாக இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதி வெளியே வரும்போது எல்லோர் தலையும் புருவமும் வெளுத்துப்போய், வாலிபப் பிள்ளைகளெல்லாம் கிழவர்களாக வருவார்கள். குழாயடியில் தலையைக் காட்டினால் வயது திரும்பிவிடும். இப்போது குழாயடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் திரும்புவதில்லை என்று ஃபிட்டர் சில நாள் கண்ணாடி முன் நினைத்துக்கொள்வதுண்டு.

கல்யாணமான புதிதில் இவருக்கு மைனாவைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. வைண்டிங் செக்‌ஷனில் எதையாவது சரிபார்க்க என்று போய்க்கொண்டே இருந்தார். அந்த வருஷம் போல அங்கே மெஷின்கள் அவ்வளவு நல்ல நிலையில் எப்போதும் இருந்ததில்லை. அதுவும் போதவில்லை. கார்டிங் ஹாலின் மேஸ்திரி முறுக்கு மீசைக்காரர். அவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என் வீட்டுக்காரியை இந்த ஹாலுக்கு மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும் என்று இழுத்தார். பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. அடுத்த மாதமே மைனா கார்டிங் ஹாலுக்கு வந்துவிட்டார். இவருடைய மெஷின் வரிசைக்கு நேர் எதிரே, பட்டைகளைச் சேர்த்து இழுக்கிற ட்ராயிங் மெஷினில் நின்றார். ஃபிட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் சொன்னால் மேஸ்திரி தட்டமாட்டார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருவரும் ஓய்வு பெறுகிற வரை அதே ஹால்தான், எதிரும் புதிருமாக. ஃபிட்டரின் ஆயுளில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

அந்த நல்ல காலம்தான் இப்போது மைனாவின் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை அவர் இருமும்போதும், நான் கூப்பிட்டுத்தானே வந்தாள் என்ற ஒரே நினைப்புதான் ஃபிட்டருக்கு. வைண்டிங்கிலேயே இருந்த அந்தக் காலத்துத் தோழிகள் இன்னும் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறார்கள். ஒருதடவை கூப்பிட்டு இப்படி ஆகிவிட்டது, இன்னொரு தடவை தூசிக்குள் அவளைக் கூப்பிடுவேனா என்பதுதான் அந்த டார்ச் லைட்டின் ரகசியம்.

கடைசியில் மைனாவின் பொறுமை எல்லை கடந்தது. "இந்தத் தடவை கடைக்கு நானும் வர்றேன். நீங்க தனியா போனா நான் போய்ச் சேந்த பிறகுதான் மெஷின் வரும்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஃபிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

கடைக்காரப் பையனுக்கு ஃபிட்டரைத் தூரத்தில் கண்டதுமே முகம் ஏழு கோணலாகப் போனது. கூட ஓர் அம்மா வருவதைப் பார்த்ததும் கொஞ்சம் நம்பிக்கை வந்து, ஸ்டூல் போட்டான். மைனா எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே நன்றாக இழுப்பது எது, அதைப் போடு என்றார். பையன் சைக்ளோன் மெஷினைப் போட்டான்.

கடை முழுக்க இரைச்சல் நிறைந்தது. பையன் மெஷினின் அருமை பெருமைகளைச் சொல்லி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஃபிட்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அணைக்கச் சொல்லலாம் என்று திரும்பினார். மைனாவைப் பார்த்தார்.

மைனா சிரித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். பிறகு புருவத்தைத் தூக்கினார். டீ சாப்பிடலாமா?

அந்தச் சைகையைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டிருந்தது. மில்லில் யாரும் வாயால் பேசமாட்டார்கள். பேசினால் கேட்காது. கையும் உதடும் புருவமும்தான் பேசும். மீசையை முறுக்கினால் மேஸ்திரி. வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்தால் மானேஜர் வருகிறார். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. தலைக்கு மேல் கயிறு இழுத்தால், சங்கு ஊதப் போகிறது, கிளம்பு. இவருக்கென்றே ஒரு சைகை உண்டு. ஆள்காட்டி விரலை ஒரு சுற்றுச் சுற்றினால் இன்னொருவாட்டி. இவர்கள் இரண்டு பேரும் அந்த ஹாலின் இரண்டு கரையில் நின்றுகொண்டு குடும்பமே நடத்தியிருக்கிறார்கள். மகள் வயிற்றில் இருப்பதை மைனா இவருக்குச் சொன்னது அப்படித்தான். ஓடுகிற மெஷினுக்கு மேலாக, ஒரு கையைத் தொட்டிலாக்கி. இவர் புரியாமல் விரலைச் சுற்ற, அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் ஆட்டிக் காட்ட, பக்கத்து மெஷின்காரருக்கு இவருக்கு முன்னால் புரிந்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு அது எப்படியோ நின்றுபோனது. அமைதியான வீட்டில் யாராவது கையை ஆட்டிக்கொண்டிருப்பார்களா? வாய் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் வாயும் போய்விட்டது.

ஃபிட்டர் காதைப் பொத்திக் காட்டினார். சத்தம். மைனா உள்ளங்கையைத் திருப்பினார். அதனால் என்ன? பையனைக் கண்ணால் காட்டி, விரலால் கத்தரிபோல் வெட்டினார். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஃபிட்டர், பாவம் சின்னப் பையன் என்று தாடையைத் தொட்டார். மைனா, ஆமாம் உங்களுக்கு எல்லாருமே பாவம்தான் என்று கன்னத்தில் கை வைத்தார். பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மெஷினை அணைத்தான்.

"இதே இருக்கட்டும் தம்பி" என்றார் மைனா. அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார், ஒரு இருமல் வரவில்லை. அதை அப்போது இருவருமே கவனிக்கவில்லை.

மெஷின் வந்து இறங்கியது. அதைச் சுலபமாக மாட்டிவிட்டால் அவர் ஃபிட்டரே இல்லை. மில்லில் ஆள் தவழ்ந்து போகிற அகலத்துக்குக் காற்றுக் குழாய்கள் உண்டு, வளைவுகள் எல்லாம் ஆற்று வளைவு மாதிரி நிதானமாகத் திரும்பும், அதையெல்லாம் கழற்றிப் பூட்டிய மனிதர். அப்பேர்ப்பட்டவர், தண்ணீர் வேலைக்கு வாங்கி மிச்சமிருந்த குழாயை வைத்து ஒப்பேற்றப் பார்த்தார். ஒல்லிக் குழாய், மூலைக்கு மூலை செங்குத்தான திருப்பம். மெஷின் கத்தியதே தவிர இழுக்கவில்லை. இரண்டாம் நாளே குழாய்க்குள் தூள் அடைத்துக்கொண்டது. மில் ஆட்கள் பார்த்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும் என்று தானே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். அகலமான குழாய் வாங்கி, திருப்பத்தையெல்லாம் நிதானமாக வளைத்துப் போட்டார். ரம்பத்துக்கு ஒன்று, சாண்டருக்கு ஒன்று என்று தனித்தனி வாய் வைத்து, எது ஓடுகிறதோ அதைத் திறந்து மற்றதை மூட ஒரு பலகைத் தடுப்பும் செய்தார். டிரம்மையும் ஃபில்டரையும் பின்சுவருக்கு வெளியே ஒரு பலகைக் கூண்டுக்குள் வைத்தார். பூனை இருக்கிற பக்கம் வேண்டாம் என்று அதற்கு எதிர்ப்பக்கம்.

எல்லாம் முடிந்த அன்று சோதனை. ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு ஷெட்டை இருட்டாக்கினார். மைனா முகமூடி கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். மெஷின் உறுமத் தொடங்கியது. ஃபிட்டர் ஒரு பலகையை எடுத்து சாண்டரில் நன்றாகத் தேய்த்தார். பிறகு டார்ச்சை அடித்தார்.

முன்பெல்லாம் இந்த வெளிச்சத்தில் புகை மாதிரி இருக்கும். இன்றைக்கு வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. ஃபிட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இல்லை, இருந்தது. ஒன்று. தள்ளி இன்னொன்று. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

அவர் தோள் தொங்கிப்போனது. வாசலைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். விரலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

மைனா அதைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தார் ஃபிட்டர். ஒரு நிமிஷத்தில் மைனா சமையலறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். வாசற்படியைத் தாண்டினார்.

ஃபிட்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றார். வராதே என்று கத்தினார். மெஷின் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை. மைனா ஸ்டூலைக் கீழே வைத்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. என்ன பயம் உங்களுக்கு என்று கையைத் திருப்பினார்.

இத்தனை வருஷம் வாயால் சொல்ல முடியாதது ஃபிட்டரின் கையில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. மைனாவின் நெஞ்சைக் காட்டினார். பஞ்சைப் பிய்க்கிற மாதிரி விரல்களை அசைத்தார். அப்புறம் மீசையை முறுக்கிக் காட்டி, தலையைச் சொறிந்து, கெஞ்சிக் காட்டி, கடைசியில் தன் நெஞ்சில் தானே குத்திக்கொண்டார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நான்தான். நான்தான் உன்னை அந்த ஹாலுக்குக் கொண்டுவந்தேன்.

மைனா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு விட்டுவிட்டு, தன் உதட்டுக்கு மேல் மீசையை முறுக்கினார். ஃபிட்டரைக் காட்டினார். காதில் மொய்த்த ஈயை ஓட்டுகிற மாதிரி கையை வீசினார்.

ஃபிட்டர் விழித்தார். மறுபடியும் விரலைச் சுற்றினார்.

மைனா தலையில் அடித்துக்கொண்டார். இப்போது நிதானமாகச் சொன்னார். நீங்கள் போய்க் கேட்டீர்கள். மேஸ்திரி காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. அப்புறம் இரண்டு விரலை நடக்கவிட்டார். மேஸ்திரியிடம் அந்த விரல்கள் போய் நின்றன. கும்பிட்டன. திரும்பி வந்து மைனாவின் நெஞ்சைத் தொட்டன. நான் போய்க் கேட்டேன். எனக்குக் கொடுத்தார்.

ஃபிட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வாயைத் திறந்து கேட்டார். கேட்காவிட்டாலும் அது மைனாவுக்குப் புரிந்தது. மைனா நெஞ்சை நிமிர்த்தினார். தோளை அகட்டினார். கையை வீசிக்கொண்டு, ஷெட்டுக்குள் இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் இப்படியும் அப்படியும் நடந்து காட்டினார். நான் சொன்னால் மேஸ்திரி தட்டமாட்டார் என்று மில் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த ஓர் இளம் ஃபிட்டரின் நடை அது, அச்சு அசல். அவ்வளவு சந்தோஷமாகத் திரிந்தவரிடம் எப்படிச் சொல்வது?

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் எதனால் துடைப்பது என்று தெரியாமல், மரத்தூள் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மைனா ஸ்டூலை ரம்ப மேஜைக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டார். உட்காரும் முன், கையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு. இரண்டு விரலை நடக்கவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார். நானாக வந்தேன். பிறகு காலடியைக் காட்டினார். இன்றைக்கும். அதே இரண்டு விரல், அதே நெஞ்சு. உட்கார்ந்துவிட்டார்.

ஃபிட்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவையும் சொல்லி முடித்திருக்கிறார், ஒரே மூச்சில். இருமல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மில்லில் இருந்த மைனாதான், மூன்றாவது வாக்கியமும் நான்காவது வாக்கியமும் உள்ள மைனா. இது அவருக்கு உறைத்தபோது, வேலைதான் முடிந்துவிட்டதே என்று கை தன்னால் மெஷினின் சுவிட்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மைனா வேகமாகக் கையை ஆட்டினார். அணைக்காதீர்கள். எனக்கு இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது.